காஞ்சிபுரத்துக்கு ஒரு வாய்

அன்புள்ள குமரா,

நீ மெயிலில் அனுப்பிய பேச்சு வந்து சேர்ந்தது. நம் டவுன்ஷிப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு இந்த வருஷம் நீதான் சிறப்பு விருந்தினர் என்று தலைமையாசிரியை போனில் சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் கத்தரிக்காய் விற்கிறவரிடம்கூடச் சொல்லிவிட்டேன். "அப்பிடியா சார், ரொம்ப சந்தோசம், எத்தினி கிலோ?" என்றார். அவருக்கு அவர் கவலை. விழா மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி தலைமையாசிரியை என்னையும் கேட்டிருக்கிறார். 'பிள்ளையை வளர்த்த விதம்' என்று தலைப்பும் கொடுத்துவிட்டார். இரண்டு நாளாக எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, கடைசியில் இந்தக் கடிதத்தையே மலருக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரு பக்கம் கேட்டார்கள். இது நீளும். ரிட்டையர் ஆனவனிடம் கேட்டது அவர்கள் தப்பு.

உன் பேச்சை பிரிண்ட் எடுத்து வந்து கூடத்தில் உட்கார்ந்து உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "நான் என் வாழ்க்கையில் எதையும் மனப்பாடம் செய்ததில்லை. என் அப்பா செய்ய விடவில்லை. எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்லாமல், நீ என்ன நினைக்கிறாய் என்றுதான் திருப்பிக் கேட்பார். ஊர்களையும் ஆறுகளையும் தலைநகரங்களையும் குழந்தைகள் தலையில் திணிப்பதைப் பள்ளிகள் நிறுத்த வேண்டும். தகவல் எல்லாம் இன்று கம்ப்யூட்டரில் இருக்கிறது. யோசிக்கச் சொல்லிக் கொடுத்தால் போதும்." இந்த இடம் வந்ததும் படிப்பதை நிறுத்தினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, உன் அம்மாவும் கலங்கியிருப்பாள் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சும்மா புன்னகை இல்லை. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, புரையேறுகிற மாதிரி சிரித்தாள். "இன்னாது? எதையும் மனப்பாடம் பண்ணலையா? யாரு, அவனா?" என்றாள். "இருபத்தஞ்சு ஸ்டேட்டும் அவன் வவுத்துல கீது!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது, உன் பேச்சில் என்னைப் பற்றி நீ எழுதியிருந்த மூன்று பத்தியும் எனக்குச் சொந்தமில்லை என்று தெரிந்துபோயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ மைக் முன்னால் நிற்பதற்குள் இதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் முன்வரிசையில் நான் மாலையோடு உட்கார்ந்திருப்பேன், பக்கத்தில் உன் அம்மா எனக்காகக் கைதட்டிக்கொண்டிருப்பாள். அதை என்னால் தாங்க முடியாது.

முதலிலிருந்து சொல்கிறேன். மனப்பாடத்தின் மேல் எனக்கு இருந்த கோபம் சும்மா வந்ததில்லை. திண்டுக்கல் பக்கம் நான் படித்த பள்ளியில் எங்கள் வாத்தியார் பிரம்பை மேசை மேல் வைத்துவிட்டுத்தான் வருகைப்பதிவே எடுப்பார். பானிபட் போருக்கான காரணங்களை நான் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். வரி பிசகாது. ஆனால் பானிபட் என்பது ஊர் என்று எனக்குத் தெரியாது. அவர் ஒரு முரட்டு ராஜா என்றும், யாரோடும் ஒத்துப்போகாத ஆள் என்பதால்தான் அவர் பெயரில் இத்தனை சண்டை என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்கு வந்த பிறகு ஒருநாள் வரைபடத்தில் அந்தப் பெயரைப் பார்த்தபோது, இருபத்து நாலு வயசு ஆம்பிளை, வெட்கத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். அன்றைக்குத் தீர்மானித்ததுதான். என் பிள்ளை கிளிப்பிள்ளையாக வளராது என்று.

நீ பிறந்தாய். நம் வீட்டுக்குச் சட்டம் போட்டேன். யாரும் பிள்ளைக்கு விடை சொல்லக் கூடாது. அவன் கேட்டால் திருப்பிக் கேட்க வேண்டும். வாய்ப்பாட்டுப் புத்தகம் வாங்கக் கூடாது. பெருக்கல் அவனுக்குத் தானாகப் புரியும். உன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "தானா எப்பிடிங்க புரியும்? எட்டேழு அம்பத்தாறு எங்கனா மரத்துல காய்ச்சித் தொங்குதா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். படித்தவன் சிரிக்கிற சிரிப்பு. நான் டிராயிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறவன், அவள் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் மகள், ப்ளஸ் டூவோடு நின்றவள். அந்தச் சிரிப்பில் அதெல்லாம் இருந்தது.

மாமல்லபுரம் கடற்கரையில் நடந்தது உனக்கு நினைவிருக்காது. உனக்கு ஆறு வயது. மூன்று பேரும் கோயில் பக்கம் மணலில் உட்கார்ந்திருந்தோம். நீ கேட்டாய், "அப்பா, கடல் தண்ணி ஏன் உப்பா இருக்கு?" நான் தயாராக இருந்தேன். "நீ என்ன நினைக்கிற?" என்றேன். நீ நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் அலையைப் பார்த்தாய். பிறகு, "மீனெல்லாம் அதுலயேதான் ஒண்ணுக்குப் போகும், அதனால" என்றாய். நான் ஆகா என்று தொடையைத் தட்டினேன். என்ன காரணகாரியம்! என்ன கவனிப்பு! அது சரியா தப்பா என்று நான் சொல்லவில்லை. நீ மறுபடி கேட்டாய், நான் மறுபடி உன்னையே கேட்டேன். நாலாவது தரம் உன் குரல் அழுகைக்குப் போய்விட்டது.

பக்கத்தில் மாங்காய்ப் பத்தை விற்கிற அம்மா ஒருத்தி கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அதுவரை பொறுத்துப் பார்த்தவள், என் பக்கம் திரும்பி, "இன்னா நைனா, புள்ள எம்மா நேரமா கேட்டுகினு கீது, பதில் சொன்னா இன்னா? நீ தெரிஞ்சிகினு சொல்லாம கீறியா, தெரியாமலே சொல்லாம கீறியா?" என்றாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லேன், புள்ள இன்னா உன்ன அடிக்கவா போவுது" என்று சொல்லிவிட்டு, உன் கையில் ஒரு பத்தையைக் கொடுத்தாள். உப்பும் மிளகாய்த்தூளும் போட்டது. நீ அழுகையை மறந்து தின்றாய். அந்த வருஷம் முழுக்க நீ கடலில் கால் நனைக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாய். மீன்களின் விஷயம் தெரிந்த பிறகு யார்தான் நனைப்பார்கள்?

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கடல் ஏன் உப்பாக இருக்கிறது என்று எனக்கு அன்று தெரியாது. ஆறுகள் பாறையைக் கரைத்துக் கொண்டுவருகிற உப்பு என்று பிற்பாடுதான் படித்தேன். அதுமட்டுமில்லை குமரா, உன் பேச்சில் நீ கொண்டாடுகிற அந்த 'நீ என்ன நினைக்கிற?' இருக்கிறதே, அதில் பாதிக்கு மேல் எனக்கு விடை தெரியாததால் கேட்டது. முதலில் கொள்கையாகத்தான் ஆரம்பித்தேன். போகப் போக அது எனக்கு நல்ல மறைவிடமாக ஆகிவிட்டது. அந்த மாங்காய்க்கார அம்மா ஒரே பார்வையில் கண்டுபிடித்ததை நான் இருபது வருஷம் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன்.

அடுத்தது பொங்கல் விழா. தொண்ணூறுகளின் ஆரம்பம். அணுபுரம் குவார்ட்டர்ஸுக்கு நாம் குடிவந்த புதிது. நீ நாலாம் வகுப்பு. கம்யூனிட்டி ஹாலில் குழந்தைகளுக்கு வினாடி வினா. தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்கள், எல்லா வீட்டுப் பிள்ளைகளும் மேடையில். உன் முறை வந்தபோது கேட்டார்கள், "நம் மாவட்டத்தின் தலைநகரம் எது?" மற்ற பிள்ளைகள் மாதிரி நீ படபடவென்று பதில் சொல்லவில்லை. மைக்கைப் பிடித்து யோசித்தாய், அதுவும் வாய்விட்டு. "மதுரை மாவட்டத்துக்கு மதுரை. சேலம் மாவட்டத்துக்கு சேலம். நம்ம மாவட்டம் செங்கல்பட்டு மாவட்டம். அப்படின்னா தலைநகரம் செங்கல்பட்டுதான்" என்றாய். நான் பின்வரிசையில் எழுந்தே நின்றுவிட்டேன். எவ்வளவு அழகான தர்க்கம்!

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குத் தலைநகரம் காஞ்சிபுரம். கலெக்டர் ஆபீஸ் அங்கேதான் இருந்தது. யார் செய்த வேடிக்கையோ, மாவட்டத்துக்குப் பெயர் ஓர் ஊர், தலைமை இன்னோர் ஊர். எவ்வளவு பெரிய மூளைக்காரனாக இருந்தாலும் உட்கார்ந்து யோசித்து இந்த விடைக்கு வர முடியாது. யாராவது சொல்ல வேண்டும், அல்லது எங்காவது படித்திருக்க வேண்டும். ஹால் முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தை பேச்சுக்குச் சிரிக்கிற சிரிப்புதான். ஆனால் நீ மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் என்னைத் தேடினாய். நான் கை காட்டினேன், உனக்குத் தெரியவில்லை. உனக்கு அடுத்தபடி நின்ற, சரியாக மூக்கு சிந்தத் தெரியாத ஒரு குட்டிப் பெண் "காஞ்சிபுரம்" என்று சொல்லிவிட்டு ஒரு டிபன் பாக்ஸைப் பரிசாக வாங்கிக்கொண்டு போனாள்.

நடந்து வீட்டுக்கு வரும்போது, "அப்பா, நான் சரியாத்தானே யோசிச்சேன்?" என்று கேட்டாய். "நீ சரிடா, கேள்விதான் தப்பு" என்றேன். அதோடு விட்டேனா? விழாக் குழுச் செயலாளருக்கு இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'வினாவில் உள்ள தர்க்கப் பிழை' என்று அடிக்கோடிட்ட தலைப்பு வேறு. அவர் மறுநாள் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்து, "சார், ஒண்ணு பண்ணுங்க, கலெக்டர் ஆபீஸைச் செங்கல்பட்டுக்கு மாத்தச் சொல்லி ஒரு மனு எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார். ஷிப்ட் பஸ்ஸே சிரித்தது. இன்றைக்கு நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அந்த வாரத்தில்தான் நான் செய்த பெரிய தப்பும் நடந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உன் அம்மா, "காஞ்சிபுரம்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்திருந்தா, புள்ள அம்மாம் பேருக்கு முன்னால அப்பிடி நின்னிருக்குமா?" என்றாள். எனக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. "நீ எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி என்ன கிழிச்ச?" என்று கேட்டுவிட்டேன். நீ பக்கத்தில் இருந்தாயா என்று நினைவில்லை. இருந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். அவள் என் தட்டில் ரசம் ஊற்றினாள். பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கியவள் அவள். மேலே படிக்க ஆசைப்பட்டவளைப் போதும் என்று அவள் வீட்டில் நிறுத்தி எனக்குக் கட்டிவைத்தார்கள். அவள் தலைக்குள் ஆறும் மலையும் நாடும் நகரமுமாக ஓர் உலகமே இருந்தது. அதைப் பற்றி அதுவரை நான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. முதல்முதலாகக் கேட்டது இந்தக் கேள்வி.

அப்புறம் நீ வகுப்பில் வாய் திறப்பதை நிறுத்திவிட்டாய். பெற்றோர் கூட்டத்தில் உன் வகுப்பு டீச்சர், "சார், நல்லா பேசிக்கிட்டிருந்த பையன், இப்ப கையே தூக்க மாட்டேங்கறான்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவன் யோசிக்கிறான் டீச்சர்." அந்த டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. யோசித்தால் தப்பாகிவிடுகிறது, சிரிக்கிறார்கள் என்று நீ பயந்துபோயிருந்தாய். உனக்கு யோசிக்கத் தெரியாமல் இல்லை. யோசிப்பதற்கு உன் கையில் சரக்கு இல்லை. அரிசி போடாமல் உலையை மட்டும் கொதிக்க வைத்துவிட்டு, சோறு வரும் வரும் என்று நான் காத்திருந்தேன்.

கோடை விடுமுறைக்கு முன்பே நீ மாறிவிட்டாய். கை தூக்கினாய். டீச்சர் கேட்பதற்கு முன்பே தூக்கினாய். அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு அதோடு பேசினாய். என் முறை பலிக்க ஆரம்பித்துவிட்டது என்று நான் ஆபீஸ் முழுக்கச் சொன்னேன். உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது என் மேலதிகாரி வீட்டுக்கு வந்தார் இல்லையா, அன்று பேச்சுவாக்கில் அவர், "கேரளாவுல ஜூன்லயே கொட்டுது, நமக்கு மட்டும் ஐப்பசி வரைக்கும் காய வைக்குதே" என்றார். நீ குறுக்கே புகுந்து, "தென்மேற்கிலேர்ந்து வர்ற மேகத்தை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துடுது அங்கிள். நமக்கு வடகிழக்குக் காத்து வங்காள விரிகுடா மேல வரும்போதுதான் மழை" என்றாய். அவர் அசந்துபோனார். "எங்க சார் படிச்சான்?" என்று கேட்டார். "படிக்கலை சார், அவனா யோசிச்சான்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அப்போது காபி கொண்டுவந்த உன் அம்மா சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டாள். பால் பொங்குகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் சமையலறையில் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள் என்பது எனக்குப் போன வாரம்தான் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையை நீ தயிர்சாதத்தோடு தின்றிருந்தாய்.

ஆமாம், விஷயம் இதுதான். கீரையை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க அப்பிடிக் கேட்டீங்க இல்ல, இன்னா கிழிச்சன்னு. மறுநாளே ஆரம்பிச்சிட்டேன். மத்தியானம் சாப்பாட்டுக்குப் புள்ள வூட்டுக்கு வரும். நீங்க ட்யூட்டில இருப்பீங்க. உருட்டி உருட்டிக் குடுப்பேன். காஞ்சிபுரத்துக்கு ஒரு வாய்னு மொத வாய். கன்னியாகுமரி மாவட்டமா, நாகர்கோவிலுக்கு ஒரு வாய். பேர வச்சி ஊர நம்பாதடா கண்ணுன்னு சொல்லுவேன். ஜில்லா முடிஞ்சதும் ஸ்டேட்டு. பீகாருக்கு ஒரு வாய், பாட்னா. மிசோரத்துக்கு ஒரு வாய், ஐஸ்வால். பேர்ல ஐஸ் கீதுன்னு அது மட்டும் அவனுக்கு ரொம்பப் புடிக்கும், கடைசி வாய் அதான் வோணும்னு அழுவான். எட்டாம் வாய்ப்பாடு முடிச்சாத்தான் அப்பளம்."

நாலாம் வகுப்புப் பையனுக்கு ஊட்டிவிடுவதா என்று நான் திட்டுவேன் என்பதற்காக ஊட்டலையும் மறைத்திருக்கிறாள், சொல்லிக் கொடுத்ததையும் மறைத்திருக்கிறாள். என் சட்டத்தில் இரண்டை ஒரே கவளத்தில் மீறியிருக்கிறாள். உனக்கு அந்த மத்தியானங்கள் நினைவிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது பாடம் என்று உனக்குத் தோன்றியிருக்காது. சாப்பாடு என்றுதான் நினைத்திருப்பாய். அதனால்தான் இருபத்தேழு வயதில், கழுத்தில் ஐ.டி. கார்டோடு சிறுசேரி ஆபீஸில் உட்கார்ந்து, 'நான் எதையும் மனப்பாடம் செய்ததில்லை' என்று கொஞ்சமும் பொய்யில்லாமல் உன்னால் எழுத முடிகிறது. தெரிந்தவனுக்குத் தனக்கு எவ்வளவு தெரியும் என்பது தெரிவதில்லை. அது தன் சொந்த மூளை என்று நினைத்துக்கொள்கிறான்.

'தகவல் மாறிவிடும், அதனால் தகவல் வேண்டாம்' என்று உன் பேச்சில் ஒரு வரி இருக்கிறது. அதுவும் என் சரக்குதான், எனக்கு அடையாளம் தெரிகிறது. நம் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது நீ பத்தாம் வகுப்பு. செங்கல்பட்டு மாவட்டம் என்ற பெயரே போய், காஞ்சிபுரம் மாவட்டம் ஆனது. நான் பேப்பரை ஆட்டிக்கொண்டு வந்து, "பார்த்தாயா, இத்தனை வருஷம் உருப்போட்டது எல்லாம் இன்றோடு குப்பை!" என்று குதித்தேன். உன் அம்மா நிதானமாக, "மாறிச்சினா மாத்திக்கறது. வூட்டு அட்ரஸ் மாறிப்போச்சின்னா அட்ரஸே வோணாம்னு சொல்லிடுவமா? அப்புறம் தபால்காரன் எங்க வருவான்?" என்றாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். சில வருஷம் கழித்து மூன்று மாநிலங்கள் புதிதாக வந்தன. நீ அப்போது கல்லூரி ஹாஸ்டலில் இருந்தாய். அன்று அவள் தனக்குத்தானே, "மூணு வாய் கூடிப்போச்சி" என்று முணுமுணுத்தாள். அரைப்படி அரிசி கூடப் போட வேண்டும் என்கிறாள் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

போன தடவை நீ வந்திருந்தபோது உன் டீமில் புதிதாகச் சேர்ந்த பையனைப் பற்றிப் புலம்பினாயே, நினைவிருக்கிறதா? "கெட்டிக்காரன்பா, ஆனா எல்லாத்தையும் தேடித் தேடித்தான் எழுதறான். எதைத் தேடணும்னே அவனுக்குத் தெரியலை" என்றாய். அந்த வாக்கியத்தை உன் பேச்சுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார். தேடுவதற்கும் முதலில் ஒரு பெயர் தெரிந்திருக்க வேண்டும். பிரம்பைக் காட்டி ஒப்பிக்க வைத்த என் வாத்தியார் சரி என்று நான் சொல்ல வரவில்லை. பானிபட்டை ராஜாவாக்கிய அந்தப் படிப்பு மறுபடி வரவே வேண்டாம். ஆனால் அதற்குப் பயந்து நான் உன்னைப் பட்டினி போடப் பார்த்தேன். என் வாத்தியார் சொன்ன தகவலுக்கும் உன் அம்மா சொன்ன தகவலுக்கும் ஒரே வித்தியாசம்தான். அவர் சொன்னது அடியோடு வந்தது, இவள் சொன்னது நெய்யோடு வந்தது. நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். கேள்வி கேட்கும். தெரிந்தால் சொல்லு. சொல்லிவிட்டு, அப்புறம் நீ என்ன நினைக்கிறாய் என்று கேள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பாருங்கள். இதைச் சொல்ல எனக்கு அறுபது வயது ஆகியிருக்கிறது. உனக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பேச்சில் என்னைப் பற்றி எழுதிய மூன்று பத்தியை எடுத்துவிடு. எனக்கு வருத்தமா என்று கேட்டால், இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். அந்த மூன்று பத்தியை நான் தனியாக ஒரு தரமும் கத்தரிக்காய்க்காரருக்காக ஒரு தரமும் படித்தாகிவிட்டது. ஆனாலும் எடுத்துவிடு. அந்த இடத்தில் உன் அம்மாவின் பெயரைப் போடு. மேடையில் நின்று அந்தப் பெயரைச் சொல். இந்த ஊரில் அவளை என் சம்சாரம் என்றும் குமரன் அம்மா என்றும்தான் எல்லோருக்கும் தெரியும். இதைப் பற்றி நேற்று அவளிடம் சொன்னபோது, "இதெல்லாம் எதுக்கு ஊருக்குச் சொல்லிகினு" என்று எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் கதவருகில் வந்து நின்று, "போட்டா மொட்டையா போடாதீங்க, இனிஷியலோட போடச் சொல்லுங்க" என்றாள். எந்த இனிஷியல், உங்க அப்பா இனிஷியலா, என் இனிஷியலா என்று கேட்டேன். "பத்தாவது சர்ட்டிபிகேட்ல எது கீதோ அது" என்றாள். குறித்துக்கொள். ப. வசந்தா.

அப்புறம் சாப்பிட உட்கார்ந்தோம். வெண்டைக்காய்க் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், கடைசியில் தயிர்சாதம். எனக்கு என்னவோ தோன்றி, "எனக்கும் ஒரு வாய் குடேன்" என்றேன். "வயசான காலத்துல இன்னா இது" என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். வீட்டில் யார் இருக்கிறார்கள்? பிறகு ஒரு கவளத்தை உருட்டி, மேலே எலுமிச்சங்காய் ஊறுகாயைத் துளி வைத்து, என் வாய்க்கு நேரே கொண்டுவந்து நிறுத்திக்கொண்டாள். "நாகாலாந்து?" என்றாள்.

பழக்க தோஷம், "நீ என்ன நினை..." என்று ஆரம்பித்துவிட்டேன். கவளம் சட்டென்று பின்னால் போயிற்று. அவள் கண்ணில் அன்றைய சிரிப்பு அப்படியே இருந்தது. மாமல்லபுரம் மணலில் கேட்ட மாங்காய்க்கார அம்மாவின் குரல் எனக்கு ஞாபகம் வந்தது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவளிடம் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன்.

"தெரியலை, வசந்தா."

"கோஹிமா" என்று சொல்லிவிட்டு ஊட்டினாள்.

அன்புடன்,
அப்பா